ஒரே சட்டப் புத்தகத்தில் இரண்டு எண்கள்

1860-ல் பிரிட்டிஷ் இந்தியாவுக்காக இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள் இருந்தன. அதில் இரண்டைப் பற்றி மட்டும்தான் இங்கே பேசப் போகிறேன். 309-வது பிரிவு, சாக முயன்று பிழைத்துக்கொண்டவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. 377-வது பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உறவுக்கு ஆயுள் வரை தண்டனை என்றது. இரண்டுக்கும் நடுவில் 67 பிரிவுகள். புத்தகத்தில் சில பக்கங்கள்தான். ஆனால் அந்தச் சில பக்கங்களுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கதை நூற்றைம்பது வருசத்துக்கும் மேல் நீள்கிறது.

அந்தப் புத்தகம் இந்தியாவோடு நிற்கவில்லை. 1871-ல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தது. 1883-ல் இலங்கைக்குப் போனது. எண்கள் வேறு, சங்கதி ஒன்றுதான். பகாங்கும் சேர்ந்திருந்த கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1936-ஆம் ஆண்டுத் தொகுப்புதான் இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் அடித்தளம். 1885-ல் வில்லியம் கேமரன் அளந்துவிட்டுப் போன மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து பறிக்கத் தமிழ் ஆட்கள் வந்தார்கள். லயம் வந்தது, கோயில் வந்தது, தமிழ்ப்பள்ளி வந்தது. நம் ஆட்கள் கப்பலேறிய எல்லாத் துறைமுகங்களுக்கும் இந்தச் சட்டமும் கூடவே பயணப்பட்டிருக்கிறது என்பதைப் பெரும்பாலும் நாம் யோசிப்பதில்லை. மதுரைக்காரனும் யாழ்ப்பாணத்துக்காரனும் தானா ராத்தாக்காரனும் ஒரே கையெழுத்தின் கீழ்தான் குற்றவாளிகளானார்கள்.

இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பதினெட்டு வயசுப் பையன் ஒருவனுக்கு இன்னொரு பையனைப் பிடித்திருக்கிறது. வீட்டில் தெரிந்துபோகிறது. அடி. அப்பா ஒரு வாரம் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் உயிரை விட முயல்கிறான், பிழைத்துக்கொள்கிறான். மருத்துவமனைக் கட்டிலில் அவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி 'ஏன்?' என்பதுதான். உண்மையான பதிலைச் சொன்னால் இன்னொரு குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். 309-லிருந்து தப்ப 377-ஐச் சொல்லக் கூடாது. ஆகவே அவன் சொல்லும் பதில்: பரீட்சையில் தோற்றுவிட்டேன். அல்லது: ஒரு பொண்ணு ஏமாத்திட்டா. மருத்துவர் எழுதிக்கொள்கிறார். அந்தப் பொய்க்குத்தான் ஆலோசனையும் மருந்தும் கிடைக்கின்றன. உண்மை திரும்ப லயத்துக்கு வீட்டோடு போய்விடுகிறது.

இது நான் கற்பனையாகச் சொல்லும் சூழ்நிலைதான். ஆனால் கேமரன் மலையைப் பற்றிக் கற்பனையில்லாத ஓர் ஆவணம் உண்டு. மனநல மருத்துவர் டி. மணியம் 1988-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மலேசியாவின் ஒரு மலை வாசஸ்தலத்தில் நடந்த தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் பற்றியது. அந்த வாசஸ்தலம் கேமரன் மலை. மக்கள்தொகையில் தங்கள் பங்குக்கு மீறி அந்தக் கணக்கில் இடம்பெற்றவர்கள் இந்தியர்கள். அதாவது நாம். மலேசியாவில் தற்கொலை பற்றிப் பேசுகிறவர்கள் இந்தியர்களின் விகிதம் ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்வியை அதற்குப் பிறகும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வறுமை, குடி, தோட்டத் துண்டாடல், கைக்கெட்டும் தூரத்தில் விவசாய விஷம் என்று பதில்கள் வரும். எல்லாம் சரியான பதில்கள்தான். ஆனால் அந்தக் காலத்துப் போலீஸ் அறிக்கையிலும் மருத்துவமனைப் பதிவேட்டிலும் 'காதல் தோல்வி', 'குடும்பத் தகராறு' என்ற இரண்டு சொற்களுக்குள் எத்தனை விதமான காதல்கள், எத்தனை விதமான தகராறுகள் அடங்கிக் கிடந்தன என்பதை இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்கூடத் தன் தற்கொலை அறிக்கையில் ஆண், பெண் என்பதற்கு அடுத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டது 2014-ல்தான். அதுவும் திருநர்களுக்கு மட்டும். தன்பாலீர்ப்புள்ளவர்களுக்கு எந்தக் கட்டமும் இல்லை. கட்டம் இல்லாதவர்கள் வரலாற்றிலும் இல்லை.

நம் மொழியையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'தற்கொலை' என்ற சொல்லுக்குள்ளேயே கொலை உட்கார்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் 'தவறான முடிவெடுத்து உயிர்மாய்த்தார்' என்று எழுதுகிற வழக்கம் இருக்கிறது. செத்தவன் செய்த தப்பு என்று செய்தியின் முதல் வரியிலேயே தீர்ப்பு. இன்னொரு பக்கம் நம் பள்ளிக்கூடத்துச் சொற்கள். கொஞ்சம் மென்மையாக நடக்கிற பையன் என்றால் 'பொண்டான்', 'அக்குவா', 'ஒம்போது'. முதலாவது மலாயிலிருந்து வந்தது, இரண்டாவது ஹொக்கியனிலிருந்து, மூன்றாவது நம்முடைய சொந்தச் சரக்கு. மூவினமும் இணக்கமாக வாழும் நாடு என்று சொல்லிக்கொள்கிறோமே, இந்த விஷயத்தில் உண்மையிலேயே இணக்கம்தான்.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிவிட வேண்டும். தன்பாலீர்ப்பு உள்ளவராக, திருநங்கையாக, திருநம்பியாக இருப்பது யாரையும் சாவை நோக்கித் தள்ளுவதில்லை. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17-ல் நீக்கியது. தள்ளுவது எது என்பதற்குத் தனி ஆராய்ச்சிகள் இருக்கின்றன. கேட்லின் ரயனும் அவர் குழுவினரும் கலிஃபோர்னியாவில் செய்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. குடும்பம் கடுமையாக நிராகரித்த இளைஞர்கள், நிராகரிப்பே இல்லாமலோ கொஞ்சம் மட்டும் சந்தித்தோ வளர்ந்தவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். எட்டு மடங்கு! நிராகரிப்பு என்றால் வீட்டை விட்டுத் துரத்துவது மட்டுமில்லை. நண்பர்களைப் பார்க்கவிடாமல் செய்வது, 'குடும்ப மானம் போச்சு' என்று அழுவது, கேலியை வேடிக்கை பார்ப்பது எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். நம்மூரில் இதோடு சாமியாடியிடம் கூட்டிப்போய்த் தாயத்துக் கட்டுவதையும், கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அம்மா அப்பா கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் பயம்தான். ஆனால் பயத்தில் விழும் அடியும் அடிதான்.

சட்டத்துக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவில் ஒருபால் திருமணத்தை அனுமதித்த மாநிலங்களில், உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் தற்கொலை முயற்சிகள் 7 விழுக்காடு குறைந்ததாக 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. கல்யாணம் பண்ணுகிற வயசே வராத பிள்ளைகள்! சட்டம் அவர்களுக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. நீ இந்த ஊரில் வளர்ந்து பெரியவனாகலாம் என்று சொல்லியது, அவ்வளவுதான்.

சரி, சட்டமும் குடும்பமும் கைவிட்ட காலத்தில் ஆட்கள் எப்படித்தான் தாக்குப்பிடித்தார்கள்?

நமக்குத் தெரிந்து மிகப் பழைய ஏற்பாடு திருநங்கையரின் ஜமாத். வீட்டிலிருந்து வெளியேறிய பிள்ளையை மூத்த திருநங்கை ஒருவர் மகளாக ஏற்றுக்கொள்கிறார். அம்மா, பாட்டி, அக்கா, பேத்தி என்று முழு உறவுமுறையும் அங்கே மறுபடி கட்டப்படுகிறது. சாப்பாடு, படுக்க இடம், நோய்வாய்ப்பட்டால் பார்க்க ஆள், செத்தால் எடுத்துப்போட ஆள். 2007-ல் வந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா'வைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் புதிதில்லை. ஜமாத்தை ரொம்பவும் புனிதப்படுத்தவும் கூடாது. அதற்குள் மேல்கீழ் உண்டு, அபராதம் உண்டு, சம்பாத்தியத்தில் பங்கு கொடுக்க வேண்டும். கடை கேட்பதையும் பாலியல் தொழிலையும் தவிர வேறு வழி காட்டாத காலமும் இருந்தது. ஆனாலும் என்னுடைய அபிப்பிராயம் இதுதான்: தமிழ்ச் சமூகத்தில் தற்கொலைத் தடுப்பு என்ற பெயர் இல்லாமலேயே அந்த வேலையைச் செய்த அமைப்பு அது. குடும்பம் நிராகரித்தவர்களுக்கு அது கொடுத்தது அறிவுரையை அல்ல, இன்னொரு குடும்பத்தை.

தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் அப்படி ஒரு ஜமாத் கிடையாது. அவர்களுக்கு இருந்த வழி ஊரை விட்டுப் போவது. மலையிலிருந்து தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்கும் சாலை, அங்கிருந்து ஈப்போ அல்லது கோலாலம்பூர். வேலைக்குப் போகிறேன், படிக்கப் போகிறேன் என்று சொல்லிப் போனவர்கள் எல்லோரும் அதற்காக மட்டுமே போனதில்லை. ஆண்களாவது போனார்கள். பெண்களுக்கு அந்தப் பஸ்ஸும் கிடையாது. அவர்களைக் கல்யாணம் கூட்டிக்கொண்டு போனது.

இங்கே கதை கொஞ்சம் லண்டனுக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டும். காரணம், கோலாலம்பூரில் ஒலித்த தொலைபேசியின் கம்பி அங்கேதான் தொடங்குகிறது. 1935-ல் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் தன் முதல் அடக்கச் சடங்கை நடத்தினார். இறந்தவள் பதினான்கு வயதுச் சிறுமி. முதல் மாதவிலக்கு வந்தபோது தனக்கு ஏதோ பால்வினை நோய் என்று நினைத்துக்கொண்டாள். கேட்பதற்கு ஆள் இல்லை. அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். வாரா அதை மறக்கவில்லை. 1953-ல் லண்டனில் ஒரு தேவாலயத்தின் அடியில் தொலைபேசி ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பின் தொடக்கம். அவரைப் பார்க்க வந்தவர்கள் வெளியே காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேநீரோ காப்பியோ கொடுத்துப் பேச்சுக்கொடுக்கத் தன்னார்வலர்கள் சிலர் இருந்தார்கள். சில மாதங்களில் வாரா ஒன்றைக் கவனித்தார். பலர் அந்தத் தன்னார்வலர்களிடம் பேசிவிட்டு, தன்னைப் பார்க்காமலேயே ஆறுதலோடு திரும்பிப் போகிறார்கள். படித்த ஆலோசகர் வேண்டியதில்லை, தீர்ப்புச் சொல்லாத காது போதும் என்று புரிந்துகொண்டு அந்த வேலையைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். தோட்டத்துப் பையனான எனக்கு இதில் பிடித்த பகுதி அந்தத் தேநீர்தான். எந்த மலையில் யார் பறித்த இலையோ.

அந்த முறை வேகமாகப் பரவியது. சிங்கப்பூரில் 1969, கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் 1970, இலங்கையில் சுமித்ரயோ 1974, சென்னையில் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா 1986. நான்கு ஊர்களிலும் அப்போது சாக முயல்வது குற்றம். குற்றவாளியிடம் பெயர் கேட்காமல், போலீசைக் கூப்பிடாமல் பேசுவது என்பது அன்றைய நிலையில் சாதாரண விஷயமில்லை. தொலைபேசி என்ற கருவியே அதற்குத் துணைசெய்தது. முகம் தெரியாது, ஜாதி தெரியாது, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. லயத்தில் அப்பன் பெயரைச் சொல்லாமல் யாரிடமும் எதையும் பேச முடியாது. நம் ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

ஆனால் 309-ஐப் பற்றிப் பேச முடிகிற இடத்தில் 377-ஐப் பற்றியும் பேச முடியும் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்காது. 1987-ல் கோலாலம்பூரில் பிங்க் டிரையாங்கிள் தொடங்கியது. எய்ட்ஸ் பற்றியும் பாலீர்ப்பு பற்றியும் பேசத் தொலைபேசி ஆலோசனைதான் அதன் முதல் வேலை. அந்த ஆண்டு அக்டோபரில்தான் ஓப்பராசி லாலாங்கில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விசாரணையின்றிக் கைதானார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், எப்பேர்ப்பட்ட நேரத்தில் தொலைபேசியை எடுத்திருக்கிறார்கள் என்று புரியும். இரண்டே வருசத்தில், 1989-ல், மலேசியா தன் 377-ஐத் திருத்தி 377A, 377B என்று விரித்து எழுதியது. இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படி. எய்ட்ஸ் பற்றிப் பேசத்தான் ஆள் வந்தார்கள், பேச்சு தனிமையிலும் பயத்திலும்தான் போய் முடிந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

பிறகு வந்த காலம் மேலும் கீழுமாக இருந்தது. 2008-ல் செக்சுவாலித்தி மெர்டேக்கா என்ற விழா தொடங்கியது. பேச்சு, நாடகம், சின்னச் சின்னப் பட்டறைகள். தன்னைப் போல் இன்னொருவரைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது எத்தனை பேருக்கு முதல் தடவையாக இருந்திருக்கும். 2011 நவம்பரில் போலீஸ் அதைத் தடைசெய்தது. அதே 2011 ஏப்ரலில் திரெங்கானுவில் 'பெண்மைச் சாயல்' உள்ளவர்கள் என்று 66 பள்ளிப் பையன்களை அடையாளம் கண்டு, 'திருத்துவதற்காக' முகாமுக்கு அனுப்பினார்கள். யார் யாரென்று பெயர் கொடுத்தவர்கள் அவரவர் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். பதின்மூன்று வயசுப் பிள்ளை தன் நடையைப் பற்றி இனி எந்த ஆசிரியரிடம் போய்ப் பேசும்? 2017 ஜூனில் பினாங்கில் பதினெட்டு வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன், பள்ளிக் காலத்திலிருந்தே 'பொண்டான்' என்று சீண்டப்பட்டவன், தாக்கப்பட்டு மருத்துவமனையில் இறந்தான். அவன் இசை படிக்க ஆசைப்பட்டவன். நாடே பேசியது. ஒரு மாதம் பேசியது.

தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தால் 2008 மே மாதம் சென்னையில் இரண்டு பெண்கள் சேர்ந்து இறந்துபோனார்கள். இருவரும் கல்யாணமானவர்கள், நீண்டநாள் தோழிகள், குடும்பங்கள் பிரிக்க முயன்றிருக்கின்றன. செய்தி வந்தது, மறந்தும் போனது. ஆனால் அடுத்த ஆண்டு, 2009-ல், சென்னையின் முதல் வானவில் பேரணி நடந்தது. ஓரினம் என்ற குழு தமிழில் சொற்களைத் தேடித் தொகுத்தது, பெற்றோர்களைப் பெற்றோர்களோடு பேச வைத்தது. ஆண்களுக்காகவும் திருநங்கைகளுக்காகவும் சகோதரன் அமைப்பு 1998-லிருந்தே இயங்கிக்கொண்டிருந்தது. தமிழ்ச் சொல் இருப்பது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். வசை தவிர வேறு பெயரே இல்லாத ஒன்றை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

2021-ல் நடந்தது நான் அடிக்கடி திரும்பிப் படிக்கும் ஒரு வழக்கு. மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் தப்பிச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர்கள் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேட, இருவரும் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பெண்களையும் பெற்றோர்களையும் உளவியலாளர் வித்யா தினகரனிடம் அனுப்பினார். அதோடு நிற்காமல், தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று தீர்ப்பாணையிலேயே எழுதிவிட்டுத் தானும் போய் அந்த உளவியலாளரிடம் உட்கார்ந்தார். நீதிபதி ஒருவர் மாணவனாகப் போனார். 2021 ஜூன் 7 ஆணையில், பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை, போலீஸ் தொல்லைக்குத் தடை, பள்ளிகளுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களுக்கும் வழிகாட்டுதல் எல்லாம் வந்தன. அந்த ஆவணங்களில் என்னைப் பாதித்தது பெற்றோர்களைப் பற்றிய குறிப்பு. தங்கள் மகள்கள் இப்படிச் சேர்ந்து வாழ்வதைவிடக் கடைசிவரை யாரோடும் சேராமல் தனியாகவே இருந்துவிடுவது மேல் என்று அவர்கள் நினைத்தார்கள். பிள்ளை தனிமையில் கிடந்தாலும் பரவாயில்லை, ஊர் பேசக் கூடாது. பாசம் இல்லாமலில்லை. பாசத்துக்கும் மேலே ஊர் உட்கார்ந்திருக்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 மே மாதம், அதே உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் வேலூர் பக்கத்து வழக்கொன்றில், பெற்ற வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை அவர் விரும்பிய இடத்துக்குப் போக விட்டார்கள். எல்லாப் பெற்றோரும் தன் மகன் விக்ரம் சேத்தை அப்படியே ஏற்றுக்கொண்ட நீதிபதி லீலா சேத் மாதிரி இருப்பதில்லை என்பதையும் குறிப்பிட்டு, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். ஜமாத்துக்காரர்களைக் கேட்டிருந்தால் இதை நூறு வருசத்துக்கு முன்னாலேயே சொல்லியிருப்பார்கள்.

இதற்கிடையில் அந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு வரிசையில் விழுந்தன. சட்டத்தைக் கொடுத்த இங்கிலாந்து 1961-ல் ஒன்றையும் 1967-ல் மற்றதையும் தனக்கு மட்டும் தள்ளுபடி செய்துகொண்டது. இலங்கை 1998-ல் தற்கொலை முயற்சியைக் குற்றமில்லை என்றது, மற்றதை வைத்துக்கொண்டது. இந்தியாவில் 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 309-ஐ முடக்கியது, 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் 377-ஐ வெட்டியது. சிங்கப்பூர் 2020-ல் ஒன்றை, 2022-ல் இன்னொன்றை. மலேசிய நாடாளுமன்றம் 2023 மே மாதம் 309-ஐ நீக்கியது. 377A இன்னும் இருக்கிறது. எதை முதலில் விடுகிறார்கள் என்று பாருங்கள். சாக முயன்றவனை மன்னிக்கிற அளவுக்கு வந்தாயிற்று. அவன் எதற்காகச் சாக நினைத்தானோ அதை மன்னிக்க இன்னும் மனசில்லை.

வரலாறு இருக்கட்டும், இன்றைக்கு ராத்திரி ஒருவனுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் தொழிலில் ஒரு கட்டமைப்பின் மொத்தச் சுமையையும் ஒரே தூணில் இறக்க மாட்டோம். அந்தத் தூண் போனால் எல்லாம் போகும். ஒளிந்து வாழும் பிள்ளைகளின் நிலைமை பெரும்பாலும் அதுதான். விஷயம் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான், காதலனோ காதலியோ. அந்த உறவு முறிந்தால் ஆறுதல் தேடப் போக வேண்டியதும் அதே ஆளிடம்தான். ஆகவே இரண்டாவது தூண் வேண்டும், மூன்றாவது வேண்டும். டிரெவர் புராஜெக்ட் 2019-ல் வெளியிட்ட கணக்குப்படி, தன்னை அப்படியே ஏற்றுக்கொள்கிற பெரியவர் ஒரே ஒருவர் இருந்தாலும் அந்த ஆண்டில் தற்கொலை முயற்சி 40 விழுக்காடு குறைவாக இருந்தது. அம்மாவாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை. சித்தி, மாமா, கணக்கு வாத்தியார், ஃபுட்சால் பயிற்சியாளர், யாராகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது. எனக்கு நெருக்கடி வரப்போகிறது என்பதற்கு என்ன அறிகுறி, தனியாக இருக்கும்போது எதைச் செய்தால் கொஞ்சம் தணியும், விஷயத்தைச் சொல்லாமலேயே யாரோடு போய் உட்காரலாம், யாரிடம் விஷயத்தையே சொல்லலாம், எந்த எண்ணைக் கூப்பிடலாம், சுற்றியிருக்கும் ஆபத்தை எப்படி அப்புறப்படுத்துவது. மருத்துவமனையில் இதை எழுதவைத்து, பிறகு தொலைபேசியில் விசாரித்தும் வந்தபோது, ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தைகள் 45 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2018-ல் ஆய்வு வெளிவந்தது. லயத்தில் இதை எப்படிச் செய்வது? சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டு இருமல் இங்கே கேட்கும், போனில் பேச முடியாது. அப்படியென்றால் எழுதலாம். மின்னஞ்சல் இருக்கிறது. விஷயத்தைச் சொல்லாமல் கூட உட்கார மாமாக் கடை இருக்கிறது, ஒரு தே தாரேக்கை இரண்டு மணி நேரம் குடிக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஆபத்தை அப்புறப்படுத்துவது நம் மலைக்கு ரொம்பப் பொருந்தும். காய்கறித் தோட்டமும் தேயிலையும் உள்ள ஊரில் கொடிய விஷங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கின்றன. இலங்கை 1995-லிருந்து மிகக் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. 1995-க்கும் 2005-க்கும் இடையில் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. லட்சுமி விஜயகுமார் காட்டுமன்னார்கோயில் பக்கம் கிராமங்களில் பூச்சிமருந்துகளை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுப் பெட்டகத்தில் பூட்டி வைக்கச் செய்தார், பலன் தெரிந்தது. மலேசியாவும் மிக ஆபத்தான ஒரு களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. இதெல்லாம் எதனால் பலிக்கிறது என்றால், சாக வேண்டும் என்ற அந்த உச்ச வேகம் நீடிப்பதில்லை. அலைமாதிரி வந்து போகும். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் ஆள் மிஞ்சுகிறார். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை என்று நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன.

நண்பர்களுக்கு ஒன்று. கேட்டால் எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து பலர் கேட்பதே இல்லை. நியூயார்க் பள்ளிகளில் மேடலின் கூல்ட் குழு 2005-ல் இதைச் சோதித்தது. கேட்பதால் ஆபத்து கூடவில்லை. ஏற்கெனவே சோர்ந்திருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது கொஞ்சம் இதமாகவே இருந்தது. ஆகவே நேராகவே கேட்கலாம்: 'செத்துடலாம்னு தோணுதா?' பதில் ஆமாம் என்றால் பதறாமல் கூடவே இருங்கள். அறிவுரை வேண்டாம், 'அம்மாவ நெனச்சுப் பாரு' வேண்டவே வேண்டாம். அம்மாவை நினைத்துத்தான் அவன் அந்த நிலைக்கு வந்திருப்பான். அவன் சொன்னதை அவன் சம்மதம் இல்லாமல் வீட்டில் போட்டு உடைக்கவும் கூடாது. ராத்திரி அவனைத் தனியாக விடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவமனைதான், யோசிக்க வேண்டாம். அங்கே உயிரைப் பற்றிச் சொன்னால் போதும், பாலீர்ப்பைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பது அவன் முடிவு. மலேசியாவில் இப்போது பிழைத்ததற்காக யாரையும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள்.

கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை. மலேசியச் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. இந்தியாவில் டெலி மானஸ் 14416, சென்னை ஸ்நேகா 044-2464 0050. இலங்கையில் 1926. தமிழில் பேச வேண்டுமென்றால் எடுத்த உடனே தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் எப்போது இருப்பார் என்று கேட்டு, அந்த நேரத்துக்குத் திரும்பக் கூப்பிடுங்கள்.